நார்மல் இரண்டு

கருவி அலறியபோது காலை மணி எட்டு பத்து.

அமீர்பேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்னால், கோச்சிங் சென்டர்களும் ஹாஸ்டல்களும் முட்டி மோதிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் இருந்தது அந்த லேப். வழக்கமாக அந்த நேரத்தில் கீழே டிபன் கடையின் தோசைக்கல் சத்தம்தான் மேலே ஏறி வரும். இன்று அதையும் அமுக்கிவிட்டு, ரத்த அணுக்களை எண்ணும் கருவி விட்டு விட்டுக் கத்தியது. திரையின் மேல் விளிம்பில் சிவப்புப் பட்டை ஓடியது.

ஸ்டெல்லா ஓடி வந்து முதலில் சத்தத்தை நிறுத்தினாள். பிறகுதான் எண்களைப் பார்த்தாள். பார்த்ததும், "சனியன், இன்னிக்குமா?" என்று கருவியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

பத்தொன்பது வருட அனுபவம் உள்ள சீனியர் டெக்னீஷியன், ரத்தத்தைச் சந்தேகப்படாமல் கருவியைச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் உண்டு. அப்போது உள்ளே போயிருந்தது நோயாளியின் ரத்தம் அல்ல. நார்மல் ரத்தம்.

ஒவ்வொரு நாள் காலையிலும், நோயாளிகளின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன், ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தைக் கருவியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அது சரியாக வந்தால் கருவி சரி. இதற்கென்று கம்பெனிகள் திரவம் விற்கின்றன. ஆனால் லேபின் தலைமை டாக்டர் பத்மஜாவுக்கு அது மட்டும் போதாது. உயிருள்ள ஆளின் ரத்தமும் வேண்டும் என்பார். அதனால் தினமும் ஊழியர்களில் இருவர் முறை வைத்துக் கை நீட்டுவார்கள். டியூபில் பெயர் எழுதக் கூடாது. நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு, அவ்வளவுதான்.

முன்பு பெயர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். நாலு வருடத்துக்கு முன் ரிசப்ஷனில் இருந்த அனுபமாவின் ரத்தத்தில் பரம்பரைக் குறை ஒன்று லேசாகத் தெரிந்தது. ஒரு தொந்தரவும் தராத குறை. ஆனால் அந்தச் செய்தி லேபிலிருந்து டீக்கடைக்கும், டீக்கடையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கும் போய்ச் சேர்ந்து, நிச்சயமான கல்யாணம் நின்றது. அன்று போட்ட சட்டம். போட்டவர் பத்மஜா.

"அக்கா, மெஷினுக்கும் திங்கக்கிழமை டூட்டி பிடிக்கல போல" என்றான் மோகன். இன்னொரு டெக்னீஷியன். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்தும் வாய் மட்டும் கல்லூரியிலேயே நின்றுவிட்டது. "கழுவி விடுங்க, சரியாயிடும்."

கழுவினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அலறியது.

வெள்ளை அணு ஆயிரத்து எண்ணூறு. இருக்க வேண்டியது நாலாயிரத்துக்கு மேல். பிளேட்லெட் பதினாலாயிரம். இருக்க வேண்டியது ஒன்றரை லட்சம். டெங்கு பரவிய பிறகு இந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும், பதினாலாயிரம் என்பது மனிதன் நடமாடிக்கொண்டிருக்க வேண்டிய எண் அல்ல.

கருவிக் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் பிரசாத்தை ஃபோனில் பிடித்தாள். அவர் தூக்கக் கலக்கத்தில் தெலுங்கில் ஏதேதோ சொல்லி, கருவிக்குள் ஊற்றும் திரவத்தை மாற்றச் சொன்னார். மாற்றினாள். நார்மல் ஒன்றை ஓட்டினாள். பொட்டு வைத்த மாதிரி எல்லா எண்ணும் அதனதன் இடத்தில் வந்தது. நேற்றைய நோயாளிகளின் டியூப்கள் நாலைந்தை ஓட்டிப் பார்த்தாள். நேற்று வந்த அதே எண்கள். நார்மல் இரண்டை வைத்தாள். அலறியது.

"டியூப்ல ரத்தம் உறைஞ்சிருக்கும்க்கா. கடாசுங்க. நாளைக்கு வேற எடுத்துக்கலாம்" என்றான் மோகன்.

டியூபைச் சாய்த்துப் பார்த்தாள். கட்டி எதுவும் இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது.

குப்பைத்தொட்டியின் சிவப்புப் பைக்கு மேலே கை போய்விட்டது. ஏன் நிறுத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எண்கள் கெட்டுப்போனால் ஸ்லைடு போடு என்று பழகிய கை, தானாக ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தது. ஒரு சொட்டு வைத்து இழுத்தாள். சாயம் ஏற்றினாள். காய வைத்து, மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் விட்டுக் குனிந்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. சிவப்பணுக்கள் மட்டும், ஆளில்லாத மைதானம் போல. ஸ்லைடை நகர்த்தினாள். ஓரத்தில் ஒன்று தெரிந்தது. பெரிய செல். உள்ளே கருவே தெரியாத அளவுக்கு ஊதா மணிகள் அப்பியிருந்தன. அந்த மணிகளுக்கு நடுவே மெல்லிய ஊசிகள். ஒன்றிரண்டு அல்ல, விறகைக் கட்டி வைத்த மாதிரி ஒரு கட்டு.

ஸ்டெல்லா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, ஜன்னலைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தாள். இன்னொன்று. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

ரத்தப் புற்றுநோயில் எத்தனையோ வகை. புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. சில வகைகளில் பத்து வருடம் மருந்தே இல்லாமல் காலம் தள்ளலாம். சிலவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே டெல்லியும் மும்பையும் சண்டை போடும். கடைசியில் ஸ்லைடு பத்மஜாவின் மேஜைக்கு வரும். அவர் வைத்ததுதான் பெயர். பெயர் மாறினால் மருந்து மாறும், மருந்து மாறினால் ஆள் போய்விடுவான் என்று சொல்லிச் சொல்லித்தான் ஸ்டெல்லாவைப் பழக்கியிருந்தார்.

ஆனால் விறகுக்கட்டு வகைக்கு யாரும் சண்டை போடுவதில்லை. அரிதான வகை. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா. இதில் இரண்டு விசேஷம். நேரத்தில் மாத்திரை ஆரம்பித்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்து, குணமாகி, வேலைக்குப் போய்விடுவார்கள். ஆரம்பிக்காவிட்டால் ரத்தம் உறையும் சக்தியை இழந்து, மூளையிலோ நுரையீரலிலோ கசிந்து, சில நாளில் முடிந்துவிடும். சில நாள் என்பது சில சமயம் சில மணி நேரம்.

ஸ்டெல்லா இதற்கு முன் பார்த்தது பதினோரு பேர். கடைசியாகப் பார்த்தது நிஜாமாபாத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். நாலு மணிக்கு ரிசப்ஷனில் உட்கார்ந்து மசாலா மரமரா பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பன்னிரண்டாவது ஆள் இந்த லேபில் இருக்கிறார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று சுவரில் ஒட்டியிருக்கும் முறைப் பட்டியலில் இரண்டு பெயர். பானு. ஸ்டெல்லா.

காலை ஏழே முக்காலுக்கு அவளுக்கு ரத்தம் எடுத்தவள் பானுதான். இரவு ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும் அவசரத்தில் எடுத்து, ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனாள். அதில் எது ஒன்று, எது இரண்டு? ஸ்டெல்லா பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை.

பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டாள். கண்ணாடி முன் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். போன வாரம் கட்டில் முனையில் இடித்துத் தொடையில் கன்றியிருந்ததே, அது ஏன் இன்னும் போகவில்லை? இடித்ததால்தான் கன்றியதா, அல்லது இடிக்காமலே கன்றி, இடித்ததாக அவளாக நினைத்துக்கொண்டாளா? நாற்பத்துமூன்று வயது. புருஷன் டேவிட் இப்போது செகந்திராபாத் பார்சல் ஆபீஸில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். மகள் காலையில் உப்புமாவைத் தொடாமல் காலேஜுக்குப் போனாள், அதற்காக அவளைத் திட்டியிருந்தாள். கடைசிப் பேச்சு திட்டாகவா இருக்க வேண்டும் என்று தோன்றியதும் குழாயைத் திறந்துவிட்டு முகத்தில் தண்ணீரை அடித்தாள்.

வெளியே வந்தபோது பத்மஜாவின் அறையில் விளக்கு எரிந்தது. மணி ஒன்பதே முக்கால். டாக்டர் வந்துவிட்டார்.

அந்த அறை வாசலில் ஒரு காகிதம் உண்டு. இந்த விறகுக்கட்டு செல்லின் படம். கீழே இங்கிலீஷிலும் தெலுங்கிலும், 'இதைப் பார்த்தால் உடனே எனக்கு ஃபோன் செய்யவும், நான் குளித்துக்கொண்டிருந்தாலும்' என்று பத்மஜாவின் கையெழுத்து. ஸ்டெல்லாவுக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. இனி டாக்டர் பார்த்துக்கொள்வார்.

பத்மஜா தெலுங்குக்காரர் என்றாலும் சென்னையில் எட்டு வருடம் படித்தவர். ஸ்டெல்லாவிடம் தமிழில்தான் பேசுவார். ஐம்பத்தேழு வயதுக்கு நிமிர்ந்த முதுகு, பேச்சில் ஒரு கறார். ஸ்டெல்லா ஸ்லைடை நீட்டி, நார்மல் இரண்டு என்று சொல்லி, தான் கண்டதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கை காட்டி நிறுத்தினார். தானே பார்ப்பார், யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அது அவர் பழக்கம்தான்.

ஸ்லைடைப் பொருத்திக் குனிந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சாதாரணமாக அரை நிமிடத்தில் "ம்" என்று ஒரு சத்தம் வரும். இன்று பத்து நிமிடம் ஆகியும் டாக்டர் தலையைத் தூக்கவில்லை.

"சாயம் சரியா ஏறலை" என்றார் கடைசியில். குரல் தேய்ந்திருந்தது. "குப்பை. தூக்கிப் போடு."

செல்லின் உள்ளே ஊசிகள் இருக்கின்றன, கட்டுக் கட்டாக இருக்கின்றன என்று ஸ்டெல்லா தடுமாறிக்கொண்டே சொன்னாள்.

"நார்மல்னு எடுத்த ரத்தம், ஸ்டெல்லா. நார்மலாத்தான் இருக்கும். போய் வேலையைப் பாரு."

பத்தொன்பது வருடத்தில் அவர் இப்படி ஒரு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை.

ஸ்லைடோடு வெளியே வந்து நின்றாள். டாக்டர் சொன்னால் சரி என்றுதான் அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. அப்படி நம்பிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது. நம்பினால் போதும், தொடையில் இருப்பது வெறும் கட்டில் இடித்த காயம் ஆகிவிடும்.

ஆனால் ஸ்டாண்டில் நீல மூடி போட்ட இன்னொரு டியூபும் இருந்தது. அதிலும் நார்மல் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது, அதே ஆளிடம் எடுத்தது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்க. அதற்குச் சாயம் எதுவும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். அதைச் சத்தமில்லாமல் எடுத்து உறைவுக் கருவியில் வைத்தாள். நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டிய உறைவுப் புரதம் எழுபத்தைந்து. ரத்தம் உறைய வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஓடிய பிறகும் கருவி காத்துக்கொண்டிருந்தது.

இதையும் போய்ச் சொன்னாள். பத்மஜா கதவை முழுதாகத் திறக்காமலே, டியூப் பாதிதான் நிரம்பியிருக்கும், அப்படி ஆனால் எண் தப்பாகத்தான் வரும் என்றார். கதவு மூடிக்கொண்டது. டியூப் கோடு வரை நிரம்பியிருந்தது.

ஸ்டெல்லா நேராக மோகனிடம் போய்க் கையை நீட்டினாள்.

"எடு."

"என்னக்கா, இன்னிக்கு டபுள் டூட்டியா? ரத்தம் ஜாஸ்தியா இருந்தா எனக்கு ரெண்டு லிட்டர்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எடுத்தான். அவசரத்தில் ஒரு தடவை நரம்பு தப்பியது.

கருவி ரத்தத்தை உறிஞ்சி எண் காட்ட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் ஸ்டெல்லா ஒரு ஜெபத்தைப் பாதி சொல்லி, மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பிளேட்லெட் இரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மோகனும் சிரித்தான். பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு நின்றது.

"அப்ப பானுவாக்கா?" என்றான் மோகன்.

தான் எதைக் கொண்டாடினோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. பானு முப்பத்திரண்டு வயதுக்காரி. அரக்கோணத்திலிருந்து ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மௌலா அலி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள். இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டதே ஸ்டெல்லாதான். காலையில் ஊசி குத்தும்போது தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது அக்கா என்றாள். போய் டீ குடித்துவிட்டுத் தூங்கு என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தலைவலி.

ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. பதினோரு தடவை. பானுவின் புருஷன் சரக்கு ரயிலில் டிரைவர். வண்டி ஓட்டும்போது ஃபோனை அணைத்துவிடுவான். அவனும் கிடைக்கவில்லை.

ஸ்லைடைப் பெட்டியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கேட்டால் எனக்கு மயக்கம் என்று சொல்லு, அவர் இன்று ஒரு மாதிரி இருக்கிறார், அறைப் பக்கமே இரு, எது நடந்தாலும் எனக்கு ஃபோன் அடி என்று மோகனிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

மெட்ரோவில் நிற்க இடமில்லை. சுற்றிலும் முதுகில் பை மாட்டிய பிள்ளைகள் தெலுங்கிலும் இந்தியிலும் இன்டர்வியூ கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். பேகம்பேட், பாரடைஸ், பரேட் கிரவுண்ட். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூட எடுத்துக்கொண்ட நேரத்தை அவள் எண்ணினாள். இப்போது பானு கட்டிலில் படுத்திருப்பாள். ஃபோன் தலைமாட்டில் அடித்திருக்கும். கை நீட்டி எடுக்க வேண்டியதுதானே. கை நீட்ட முடியாமல் இருந்தால்? மூளையில் கசிந்தால் முதலில் ஒரு பக்கம் கை வராது. பிறகு பேச்சு வராது. இதெல்லாம் தெரிந்து தொலைத்திருப்பதுதான் கஷ்டம். வேறு வேலை பார்ப்பவளாக இருந்தால், தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டு இருப்பாள்.

தார்நாகாவில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். லாலாபேட் மேம்பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றது. ஆட்டோக்காரர் நிதானமாகக் குட்கா பொட்டலத்தைக் கிழித்தார். எதற்கு இவ்வளவு அவசரம், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதைச் சத்தமாகச் சொன்னதும் அழுகை முட்டியது. அவர் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுவிட்டு நடைபாதை மேல் ஏற்றி ஓட்டினார்.

மௌலா அலி மலை தெரிந்தது. உச்சியில் தர்காவின் வெள்ளைச் சுவர் வெயிலில் கண் கூசியது. குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லா வீடும் ஒரே மஞ்சள், ஒரே பச்சைக் கதவு. பானுவின் வாசலில் செருப்பு கிடந்தது. உள்ளே கூலர் ஓடும் சத்தம்.

தட்டினாள். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளங்கையால் அறைந்தாள். ஜன்னல் கொசுவலை வழியாகப் பார்த்தாள். இருட்டில் கட்டிலின் முனை தெரிந்தது. அதில் ஒரு பாதம் தெரிந்தது. அசையவில்லை.

"பானு! பானு!"

பாதம் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

கதவு திறந்தபோது பானு நைட்டியில், கன்னத்தில் தலையணை மடிப்போடு நின்றாள். "என்னக்கா? யாராச்சும் செத்துட்டாங்களா?"

ஸ்டெல்லா அவளை வெளிச்சத்துக்கு இழுத்து, கண்ணிமையைக் கீழே தள்ளிப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். "வாயைத் தொற."

"நக்கோ, வேணாம்க்கா, பல்லு கூட வெளக்கல."

"தொறடி."

ஈறு வெளிர்ச் சிவப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை. தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுப் படுத்ததும் போய்விட்டது, நைட் டூட்டி பார்த்தால் எப்போதும் வருவதுதான் என்றாள் பானு. ஃபோன் சைலன்ட்டில் இருந்ததாம். ஸ்டெல்லா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்க வாங்க நடந்ததைச் சொன்னாள். கருவி, ஸ்லைடு, விறகுக்கட்டு, உறையாத ரத்தம். நார்மல் இரண்டு உன்னுடையதுதானே என்று கேட்டாள்.

பானுவின் தூக்கம் கலைந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னிக்குக் குடுக்கவே இல்லக்கா."

"பட்டியல்ல உன் பேருதானே இருக்கு?"

"ஹவ், இருக்கு. ஆனா குடுக்கல. வேற ஒருத்தர் கை நீட்டினாங்க. எடுத்தேன்."

முறையை மாற்றிக்கொள்வது லேபில் சகஜம்தான். இன்றைக்கு எனக்கு வேண்டாம், நீ கொடு, நாளை நான் கொடுக்கிறேன் என்று அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள். யார் என்று கேட்டாள் ஸ்டெல்லா. பானு தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். காலை ஏழு மணிக்கு, யாரும் இல்லாத நேரத்தில் வந்தார்களாம். ஒரு வாரமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதாம். ரிஜிஸ்டரில் பெயர் ஏறினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், நார்மல் டியூபில் போட்டு விடு, ஒன்றும் இருக்காது என்றார்களாம். எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை, கால் மணி நேரம் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு யாரும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்களாம்.

"உனக்குச் சந்தேகமே வரலையா பானு?"

"அவங்களே ஒண்ணுமில்லன்னாங்கக்கா. அவங்க சொன்னப்புறம் நான் என்ன சொல்றது?"

ஸ்டெல்லா எழுந்து நின்று அவள் தோளைப் பிடித்தாள். "இங்க பாரு. அவங்க சாயங்காலம் வரைக்கும் தாங்குவாங்களான்னு எனக்குத் தெரியாது. தும்மினாக்கூடப் போதும். யாருன்னு சொல்லு."

பானு உள்ளே போய் ஃபோனை எடுத்துவந்தாள். வாக்குக் கொடுத்துவிட்டதால் பெயரை வாயால் சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது. ஓர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, ஸ்டெல்லாவின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"செப்பு, பானு."

பத்மஜாவின் குரல்.

மூடிய கதவும், ஏறாத சாயமும், பாதி நிரம்பிய டியூபும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஸ்டெல்லாவின் நெஞ்சில் மோதின. அங்கே மூன்றாவது மாடியில், அந்த அறைக்குள், அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. சென்ற இரண்டு மணி நேரமும் மாத்திரைக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

"டாக்டர், ஸ்டெல்லா பேசறேன். பானு வீட்டுல இருக்கேன்."

மறுமுனையில் ஏ.சி.யின் ரீங்காரம் மட்டும் கேட்டது. ஃபோனை வைத்துவிடுவாரோ என்று பயந்து ஸ்டெல்லா அவசரமாகப் பேசினாள். எழுந்திருக்க வேண்டாம், மோகனை அனுப்புகிறேன், கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும், ஆஸ்பத்திரியில் நானே பேசி மாத்திரையைத் தயாராக வைக்கச் சொல்கிறேன், படியில் நடக்கக் கூடாது, நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவள் இதுவரை பத்மஜாவிடம் உத்தரவு போட்டதில்லை. போட்டாள்.

"சரி" என்றார் பத்மஜா. சின்னப் பெண் போலிருந்தது குரல். பிறகு, "அந்த ஸ்லைடுல நீ என்ன பார்த்தே, ஸ்டெல்லா?"

"நீங்கதான் பார்த்தீங்களே டாக்டர். பத்து நிமிஷம் பார்த்தீங்க."

"இல்ல, ஸ்டெல்லா. கண்ணை மூடிக்கிட்டுதான் குனிஞ்சிருந்தேன்."